பழைய தடுப்பணைக்குப் பன்னிரண்டு மூட்டை சிமெண்ட் இல்லை, புதுசுக்குப் பூமிபூஜை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. எங்கள் ஓடையில் புதிய தடுப்பணைக்குப் பூமிபூஜை. வாழைமரம் கட்டி, சாமியானா போட்டு, ஏழெட்டுப் பேர் ஒரே கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். மதிப்பீடு எத்தனை லட்சம், சுவர் எத்தனை மீட்டர், எத்தனை கிணறு பயன்பெறும் எல்லாம் செய்தியில் இருந்தது. அங்கிருந்து முக்கால் கிலோமீட்டர் மேலே போனால் இதே ஓடையில் ஏற்கெனவே ஒரு தடுப்பணை பக்கவாட்டில் உடைந்து கிடக்கிறது என்பது மட்டும் இல்லை. நிருபரைக் குறை சொல்லவில்லை, அவரை யாரும் அங்கே கூட்டிப் போயிருக்க மாட்டார்கள். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்ட வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள், பணத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

எங்கள் ஊருக்கு மேற்கே கரடு, அதாவது சின்னப் பாறைக்குன்று. அதிலிருந்து இறங்கும் சரிவில் மேட்டுக்காடுகள், அதற்குக் கீழே ஓடை, ஓடையை ஒட்டிக் கிணற்றுத் தோட்டங்கள். ஓடை குடகனாற்றில் விழுகிறது, குடகனாறு அமராவதியில், அமராவதி காவிரியில். வரைபடத்தில் பார்த்தால் நாங்களும் காவிரிப் படுகைக்காரர்கள்தான், நடப்பில் வானம் பார்த்த பூமி. செம்மண்ணும் சரளையும், ஒன்றரை அடிக்குக் கீழே பாறை. சோளம், நிலக்கடலை, கொள்ளு, கொஞ்சம் முருங்கை. ஐப்பசி கார்த்திகையில் நாலு நல்ல மழை பெய்தால் வருஷம் ஓடிவிடும். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டர். ஒரே ராத்திரியில் அஞ்சு சென்டிமீட்டர் அடித்தால் ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் பதினாறு பதினேழு நடை. கோடையில் முருங்கைக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியவனுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டாம். பெய்த மழையில் எவ்வளவு நிற்கிறது எவ்வளவு ஓடிப்போகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

பழைய தடுப்பணை கட்டியது 2013-ல். மத்திய அரசு 2009-10-ல் கொண்டுவந்த ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டத்தில் வந்தது (ஓர் ஓடைக்கு மழைத்தண்ணீர் வடிந்து வருகிற நிலப்பரப்பு முழுவதும்தான் அதன் நீர்வடிப்பகுதி). அதற்காக ஊரில் ஒரு குழு போட்டார்கள், அந்தக் குழுவில் நானும் ஒருவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் குறை சொல்லப் போவதில் என் பங்கும் இருக்கிறது.

அந்தத் திட்டத்தில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 12,000 ரூபாய், மலைப்பகுதி போன்ற சிரமமான இடங்களுக்கு 15,000. மத்திய அரசு 90, மாநிலம் 10 என்று பங்கு. 2015-16-லிருந்து அது 60-க்கு 40 ஆனது. ஹெக்டேருக்கு 12,000 என்பது ஏக்கருக்கு 4,850 ரூபாய் சொச்சம், அதுவும் நாலைந்து வருஷத்துக்குச் சேர்த்து. அந்தப் பணமும் முழுதாக மண்ணுக்கு வராது. நிர்வாகத்துக்கு 10 சதவீதம், குழுக்களுக்கும் பயிற்சிக்கும் 5, ஊர்க்காரர்களின் நம்பிக்கையைப் பெற முதலில் செய்யும் நுழைவுநிலைப் பணிக்கு 4 (எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி, அது இன்றைக்கும் ஓடுகிறது, நல்ல காரியம்), விரிவான திட்ட அறிக்கைக்கு 1, கண்காணிப்புக்கு 1, மதிப்பீட்டுக்கு 1, அப்புறம் வாழ்வாதாரம், உற்பத்திப் பெருக்கம். வரப்பு, தடுப்பணை, குட்டை என்று கண்ணால் பார்க்கிற வேலைக்கு 2008 வழிகாட்டு நெறிமுறைப்படி சரிபாதி. பிறகு திருத்தி 56 சதவீதம் ஆக்கினார்கள். அந்த 6 சதவீதத்துக்கு மற்ற தலைப்புகளில்தானே கை வைக்க வேண்டும், அதில் ஒன்று திட்டத்தை ஒழுங்காக முடித்து ஊரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறும் கடைசிக் கட்டத்துக்கான தொகை. 5 சதவீதமாக இருந்தது 3 ஆனது.

கட்டுவதற்கு 56, கட்டியதை ஊர் கையில் பத்திரமாகக் கொடுப்பதற்கு 3. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அப்போது கூட்டத்தில் திருத்தத்தை வாசித்துக் காட்டியபோது வேலைக்குக் கூடுதலாகப் பணம் வருகிறது என்று கை தட்டியவர்களில் நானும் உண்டு.

சரி, உடைப்புக்கு வருகிறேன்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலத்தையே வறட்சி என்று அறிவித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருஷம் தடுப்பணையில் ஆடுதான் மேய்ந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டுவிட்டு மேற்கே எங்கள் பக்கமாக வந்து போனபோது ஓடையில் வந்த தண்ணீர், சுவருக்கு மேலே வழிந்தது போதாமல் இடது பக்கச் சுவர் முடியும் இடத்தில் கரை மண்ணை அரித்துக்கொண்டு சுற்றிப் போனது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஓர் ஆடு நுழையும் அளவுக்குச் சந்து. சுவர் அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை, தண்ணீர் மட்டும் பக்கத்தில் வழி பண்ணிக்கொண்டு போய்விட்டது. மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினேன். காலால் அளந்து பார்த்துவிட்டு, "ரெண்டு லோடு கருங்கல், பன்னெண்டு மூட்டை சிமெண்ட், மூணு நாள் கூலி, நாப்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும்ண்ணே, இப்பவே பண்ணிட்டா" என்றார்.

இப்பவே பண்ண யாரிடம் பணம்? வேலையைச் செய்த அலுவலகத்துக்குப் போனேன். "ஐயா, அந்த புராஜெக்ட் முடிஞ்சு கணக்கும் முடிச்சாச்சு, அந்தத் தலைப்புல இனி ஒரு ரூபா எடுக்க முடியாது" என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார்கள். ஊராட்சியில் கேட்டேன், அந்தத் தடுப்பணை ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டிலேயே இல்லை, இல்லாத சொத்தைப் பழுதுபார்த்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்றார்கள். ஊராட்சிக்கு அப்போது தலைவரும் கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும்வரை தனி அலுவலர்தான், அவர் கையில் பல ஊராட்சி. விவசாயிகளை வைத்தே நீர்நிலைகளைச் சீரமைக்கும் மாநில அரசின் குடிமராமத்துத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். 2017-ல் 100 கோடியில் தொடங்கி 2019-20-ல் 499 கோடி வரை போன திட்டம் அது, ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது அந்தத் தண்ணீர் பாயும் நிலத்துக்காரர்கள், பத்து சதவீதம் போட வேண்டும், நாங்கள் போடத் தயாராகத்தான் இருந்தோம். ஆனால் அது ஏரி கண்மாய் வாய்க்காலுக்கு. எங்களுடையது இவை எதிலும் சேராத ஓடைத் தடுப்பணை, ஆயக்கட்டும் கிடையாது. நூறு நாள் வேலையில் ஆள் உண்டு, கல்லும் சிமெண்டும் வாங்குவதில்தான் சிக்கல் என்றார்கள். மனுநீதி நாளில் ஒன்று, குறைதீர் கூட்டத்தில் இரண்டு என்று மனு கொடுத்தேன். ரசீது எல்லாம் வைத்திருக்கிறேன்.

ஆடு நுழைந்த சந்தில் அடுத்த வருஷம் மாடு போனது. 2021 மழைக்குப் பிறகு பையன்கள் பைக்கில் போக ஆரம்பித்தார்கள், ஊருக்குக் குறுக்கு வழியாம். இப்போது டிராக்டர் போகும். போன மாசியில் அதே மேஸ்திரி வந்து பார்த்து ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்றார், அதுவும் கரையை மறுபடி மண் போட்டுக் கெட்டிப்படுத்தினால்தான் நிற்கும் என்றார்.

இப்போதுதான் முக்கியமான இடம். எங்களிடம் பணம் இல்லாமலும் இல்லை.

அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் வரப்பு போட்டாலோ குட்டை வெட்டினாலோ நிலக்காரர் வேலை மதிப்பில் பத்து சதவீதம் கட்ட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள் என்றால் 5 சதவீதம். எங்கள் ஊரில் ஏறக்குறைய எல்லோரும் 5 சதவீதக்காரர்கள்தான். அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகாது, ஊரின் பெயரில் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி என்று தனிக் கணக்கில் சேரும். திட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, செய்த வேலைகளைப் பராமரிக்க அந்த நிதிதான் கை கொடுக்கும் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். நானே வீடு வீடாகப் போய் வாங்கினேன். நூறு ரூபாய்க்கு யோசித்தவர்களிடம் "இது உங்க பணம், உங்க வரப்பு சரிஞ்சா நீங்களே எடுத்துக் கட்டிக்கலாம்" என்று பேசியது என் வாய்.

அந்தக் கணக்கில் 1,31,000 ரூபாய்க்கு மேல் கிடக்கிறது. பாஸ்புக்கில் கடைசி வரவு 2016-ல். எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும். குழுத் தலைவர் இறந்துவிட்டார். செயலாளராக இருந்த தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய் அங்கேயே வீடும் வாங்கிவிட்டார், கூப்பிட்டால் வருவார், தங்கமானவர். மூன்றாவது கையெழுத்து தொழில்நுட்பக் குழுவில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒருவருடையது, ஒப்பந்தம் முடிந்ததும் போனவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. வங்கியில், பல வருஷம் வரவு செலவு இல்லாததால் கணக்கு முடங்கிவிட்டது, புதிய கையொப்பதாரர்களுக்குத் துறையிலிருந்து கடிதம் வேண்டும் என்கிறார்கள். துறையில், திட்டம் முடிந்துவிட்டதால் கடிதம் கொடுக்கத் தங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று மேலே கேட்டிருக்கிறார்கள். மேலே என்றால் எந்த மேலே என்று நான் கேட்கவில்லை. 2018-ல் நாற்பதாயிரம் தேவைப்பட்டபோது அதைப்போல மூன்று மடங்கு எங்கள் சொந்தப் பணம் அங்கே இருந்தது. இன்றைக்கு மொத்தத்தையும் எடுத்தாலும் வேலைக்குப் போதாது. வட்டியைவிட உடைப்பு வேகமாக வளர்கிறது.

எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று. நாடு முழுக்க 2009-10-க்கும் 2014-15-க்கும் நடுவில் இந்தத் திட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட திட்டப்பகுதிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பல ஊர், பல குழு. அத்தனை குழுவின் பாஸ்புக்கும் இப்போது யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது? உங்கள் நிருபர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் ஊரில் விசாரித்தாலே நல்ல செய்தி கிடைக்கும்.

அடுத்தது வண்டல். உடைப்பை அடைத்தாலும் தடுப்பணையில் பழைய அளவு தண்ணீர் நிற்காது. கட்டும்போது சுவர்ப் பக்கம் ஆழம் அஞ்சடி. போன பங்குனியில் காய்ந்து கிடந்தபோது கடப்பாரையை இறக்கிப் பார்த்தேன், மூணே முக்கால் அடிக்கு மெத்தென்று போனது, அப்புறம்தான் சரளை தட்டியது. வெட்டிப் பார்த்தால் அடியில் மணல், மேலே மேலே பொடி மண், ஒவ்வொரு மழைக்கும் ஒரு வரி, தோசை அடுக்கி வைத்த மாதிரி. கடைசி அடுக்கு நல்ல சிவப்பு. இந்தப் பக்கத்தில் அவ்வளவு சிவப்பு மண் ஒரே இடத்தில்தான் உண்டு, கரட்டுக்குக் கீழே அரசு நிலத்தை ஒதுக்கி ஒப்படைப் பட்டா கொடுத்த மேட்டுக்காடு. அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் நான் தோண்டுவதைப் பார்த்துவிட்டு வந்து குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார். "எங்க காட்டு மண்ணு தம்பி. எங்க மண்ணையும் புடிச்சு வச்சிட்டீங்க, எங்க தண்ணியையும் புடிச்சு வச்சிட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் கடப்பாரையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர் சொன்னது உண்மை. நீர்வடிப்பகுதி வேலை என்றால் மேலிருந்து கீழே வர வேண்டும், கரட்டில் தொடங்கி ஓடையில் முடிய வேண்டும், இது வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது, பயிற்சியில் எங்களுக்குப் படம் போட்டே காட்டினார்கள். முதலில் கரட்டுச் சரிவில் குறுக்கே அகழி, அப்புறம் மேட்டுக்காட்டில் வாட்டம் பார்த்து சம உயர வரப்பு, சிற்றோடைகளில் கல் அடுக்கி சின்னச் சின்னத் தடுப்பு, கடைசியில்தான் பெரிய ஓடையில் சிமெண்ட் தடுப்பணை. மேலே வேகத்தைக் குறைத்தால் கீழே வருகிற தண்ணீரில் மண் குறையும், தடுப்பணையும் பத்து வருஷத்தில் தூர்ந்து போகாது. எங்கள் குழுவில் என்ன நடந்தது? தடுப்பணையை முதல் வருஷமே எடுத்துக்கொண்டோம். குழுவில் இருந்த முக்கால்வாசிப் பேருக்கு ஓடைக்கரையில் கிணறு. எனக்கும்தான், சுவரிலிருந்து என் கிணறு கூப்பிடு தூரம். மேட்டுக்காட்டு வரப்பு வேலை கடைசிக்குத் தள்ளிப் போய், நிதிப் பங்கு மாறிய சமயத்தில் தவணை தாமதமாகி, பாதிக் காட்டுக்கு மேல் போகவே இல்லை. கரட்டில் அகழி வெட்டியது ஒரே ஒரு பக்கம். சிமெண்ட் சுவரில் பெயர்ப்பலகை வைக்கலாம், வரப்பில் என்ன வைப்பது?

அந்த வரப்பு ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மேல்மண் போனால் 4 கன மீட்டர், டிராக்டரில் ஒரு லோடுக்கு மேல். ஒரு மில்லிமீட்டர் போனது கண்ணுக்குத் தெரியாது, உழும்போதும் தெரியாது, அஞ்சாறு வருஷம் கழித்துக் கடலையில் காய் சிறுத்து உரக்கடையில் பில் கூடும்போதுதான் தெரியும். எங்கள் ஊரில் வரப்பு போட்ட பாதியில் ஒரு கார்த்திகை மழை நாளில் நானே போய் நின்று பார்த்திருக்கிறேன். வரப்பு உள்ள காட்டிலிருந்து வடிந்த தண்ணீர் லேசாகக் கலங்கல், வரப்பு இல்லாத பக்கத்திலிருந்து வந்தது கெட்டியான செங்கல் குழம்பு. இரண்டும் சேருகிற இடத்தில் கொஞ்ச தூரம் இரண்டு நிறமாகவே ஓடியது.

வண்டலை எடுத்துக் காட்டில் போடலாமே என்பீர்கள். 2024-ல் அரசு நல்ல காரியம் செய்தது, ஏரி குளங்களில் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி, இலவசம், புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை. பக்கத்து ஊர்க்காரர்கள் குளத்திலிருந்து அள்ளினார்கள். எங்கள் தடுப்பணை அந்தப் பட்டியலில் இல்லை. சொத்துப் பதிவேட்டில் இல்லாதது பட்டியலில் எப்படி வரும். அந்தப் பெரியவரின் காட்டு மண்ணை அவர் காட்டுக்கே திருப்பிக் கொண்டுபோக முடியவில்லை.

இந்த மாதிரி யோசிக்கும்போது எனக்குப் பயிற்சியில் சொன்ன சுகோமாஜ்ரி கதைதான் நினைவுக்கு வரும். அரியானாவில் சிவாலிக் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். சண்டிகரில் 1958-ல் சுக்னா ஏரி கட்டினார்கள், பார்க்க அழகான ஏரி, சில வருஷத்திலேயே தூர்ந்துகொண்டே வந்தது. எத்தனை தடவை தூர்வாருவது என்று மேலே போய்ப் பார்த்தால், மலையடிவாரத்து ஊர்களின் ஆடு மாடு மேய்ந்து மொட்டையான சரிவிலிருந்து மண் வருகிறது. எழுபதுகளில் மிஸ்ரா என்ற மண்வள விஞ்ஞானி அந்த ஊர்க்காரர்களிடம் பேசினார். மேய்ச்சலைக் கட்டுப்படுத்துங்கள் என்று சும்மா சொன்னால் யார் கேட்பார்கள்? அவர்களுக்கு மேலேயே மண் அணை கட்டித் தண்ணீர் கொடுத்தார்கள், அந்தத் தண்ணீரில் நிலம் இல்லாத குடும்பத்துக்கும் சமபங்கு. தனக்கும் பங்கு உண்டு என்று வந்தபிறகு சரிவை ஊரே காவல் காத்தது, புல் வளர்ந்தது, புல்லையும் தண்ணீரையும் விற்ற காசு ஊர்ச் சங்கத்தில் சேர்ந்தது. பின்னாளில் அங்கேயும் அணைகள் தூர்ந்தன, பணத் தகராறுகளும் வந்தன, அது வேறு கதை. எனக்கு உறைத்தது அந்த சமபங்குதான். எங்கள் ஊரில் மேட்டுக்காட்டுக்காரருக்கு இந்தத் தடுப்பணையால் என்ன லாபம்? ஒன்றும் இல்லை. அப்படியிருக்க அவர் எதற்குத் தன் வரப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நம் தடுப்பணை தூர்ந்தால் அவருக்கென்ன?

கீழே கிணற்றுக்காரர்களும் யோக்கியம் இல்லை. தடுப்பணையில் இரண்டு வருஷம் தண்ணீர் நின்றதும் சுற்றி அஞ்சு போர் போட்டார்கள், 900 அடி, ஒன்று என்னுடையது. மகாராஷ்டிராவில் ஹிவரே பஜாரில் பாசனத்துக்குப் போர் போடக்கூடாது என்று ஊரே முடிவு செய்து, வருஷாவருஷம் மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்துதான் என்ன பயிர் வைப்பது என்று கிராம சபையில் பேசுகிறார்கள். நாங்கள் கிராம சபையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம்.

இப்போது 2021-22-லிருந்து நீர்வடிப்பகுதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம். ஹெக்டேருக்கு 22,000, சிரமமான பகுதிக்கு 28,000. நாடு முழுக்க 49.5 லட்சம் ஹெக்டேர், மத்திய அரசின் பங்கு மட்டும் 8,134 கோடி. ஏக்கருக்கு 8,900 ரூபாய் என்பது பழையதைவிடப் பரவாயில்லை, கல் சிமெண்ட் கூலி விலையைப் பார்த்தால் பெரிய உயர்வும் இல்லை. இந்தப் பணம் வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். புதுத் தடுப்பணை வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் மேலே இருக்கிற உடைப்பை அடைக்காமல் கீழே கட்டினால், அந்த உடைப்பு வழியாக இத்தனை வருஷம் தேங்கிய மூணே முக்கால் அடி வண்டலும் முதல் பெருமழையில் கரைந்து நேரே புதுச் சுவரில் போய்த்தான் படுக்கும். இதைச் சொல்ல என்ஜினீயரிங் படிக்க வேண்டாம். புது வேலையின் எஸ்டிமேட்டிலேயே, அதே ஓடையில் மேலே உள்ள பழைய வேலைகளின் பழுதையும் சேர்த்துவிட்டால் என்ன? ஏழெட்டு சதவீதம் கூடும். பூமிபூஜைப் படத்தில் அது தெரியாது, அது ஒன்றுதான் அதிலுள்ள குறை.

அப்புறம் இந்த முடங்கிய கணக்குகள். இதற்குப் புதிய நிதி எதுவும் ஒதுக்க வேண்டாம், சட்டம் திருத்த வேண்டாம். திட்டத்தை மாநிலத்தில் நடத்துவது தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை. மாவட்டவாரியாக எந்த ஊர்க் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பட்டியல் வெளியிட்டு, கிராம சபைத் தீர்மானத்தின் பேரில் புதிய கையொப்பதாரர்களை ஏற்றுக்கொள்ளலாம் என்று வங்கிகளுக்கு ஒரே ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலரிடம் போனதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், கையெழுத்தை ஊராட்சித் தலைவர் பதவியோடு மட்டும் கட்டிப்போட வேண்டாம். மகளிர் குழுவில் ஒருவர், கணக்கில் பணம் போட்ட மேட்டுக்காட்டு விவசாயி ஒருவர் இருக்கட்டும். மேட்டுக்காட்டுக்காரர் கட்டாயம் இருக்க வேண்டும். இந்தத் தடவை என்னைப் போட வேண்டாம், என் கிணறு பக்கத்தில் இருக்கிறது.

எல்லாத் தடுப்பணைகளையும் ஊராட்சிச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுவதைப் பற்றியும் எழுத நினைத்தேன், அது ஓர் உதவியாளர் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை, அதனால் இவ்வளவோடு விடுகிறேன்.

ஐப்பசிக்கு முன்னால் உடைப்பில் குறைந்தது மணல் மூட்டையாவது அடுக்கிவிடலாம் என்று பத்துப் பேர் பேசி வைத்திருக்கிறோம். அந்த ஆடு மேய்க்கும் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூட்டைக்கு அந்த வண்டலையே அள்ளினால் அனுமதியில்லாமல் மண் எடுத்ததாக வழக்கு வருமா என்று ஒருவர் கேட்டார், எல்லோரும் சிரித்தோம், பிறகு அவர் நிஜமாகவே கேட்டார் என்று தெரிந்தது.

பாஸ்புக்கின் கடைசிப் பக்க நகலையும், உடைப்பின் இரண்டு படங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று 2018-ல் எடுத்தது, அதில் சந்தில் நிற்பது என் வெள்ளாடு. இன்னொன்று போன மாதம், அதில் நிற்பது பக்கத்துத் தோட்டத்து டிராக்டர். போட முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பாஸ்புக் நகலில் கணக்கு எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் நீர்வடிப்பகுதிக் குழு உறுப்பினர், மூன்றரை ஏக்கர் மானாவாரி விவசாயி